சிவப்புக் கோட்டு பிரெஞ்சுக்காரர்களும் ஓய்வு நேர வருமானமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கும் வழிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான குட்டிச் சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் என் வேலைக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை மதித்ததற்கு நன்றி. ஆனால் படத்துக்குக் கீழே "ஆங்கிலேயப் படை பொம்மைகள்" என்று போட்டதையும், "ஓய்வு நேரத்தில் பொம்மைக்குப் பெயின்ட் அடித்தாலே கணிசமான வருமானம்" என்று எழுதியதையும் அப்படியே விட மனசு வரவில்லை. முதலாவது சின்ன விஷயம். இரண்டாவது அப்படியல்ல. தெரிந்தவர்கள் மூலமாக என் எண்ணைக் கண்டுபிடித்து, "அக்கா, எனக்கும் ஒரு பத்து பொம்மை குடுங்க, சாயங்காலத்துல அடிச்சு முடிச்சுத் தந்துடறேன்" என்று கல்லூரிப் பிள்ளைகள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட உங்கள் பத்திரிகை வழியாகவே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டுவதாக இருந்தால் விலை பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

படத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கோட்டின் சிவப்பைப் பார்த்ததும் ஆங்கிலேயன் என்று எழுதிவிட்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அவர்கள் பிரெஞ்சுப் படை, லாலியின் ரெஜிமென்ட். பிரெஞ்சு அரசரின் ராணுவத்தில் அயர்லாந்துக்காரர்களுக்கென்றே சில ரெஜிமென்டுகள் இருந்தன. அரியணை இழந்த ஸ்டூவர்ட் மன்னருக்காகப் போரிட்டுத் தோற்று, பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த கத்தோலிக்கர்களின் வழிவந்தவை அவை. பிரான்சின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, பழைய சிவப்புக் கோட்டுகளையே தொடர்ந்து போட்டார்கள். 1758இல் இங்கே பிரெஞ்சுப் படைக்குத் தலைமை ஏற்று வந்த லாலியின் தகப்பனாரும் அயர்லாந்துக்காரர்தான். மகன் பெயரில் இருந்த ரெஜிமென்டும் அவரோடு கப்பலேறி வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையோடு மோதியபோது இரண்டு பக்கமும் சிவப்புக் கோட்டு நின்றது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கைமடிப்பில் பச்சை தெரியும். அதுதான் அடையாளம்.

இந்த அணியைச் செய்யச் சொன்னவருக்கே சந்தேகம் வந்தது. பூர்வீகம் நெல்லித்தோப்பு, இப்போது பெங்களூரில் கணினி வேலை. முதல் மாதிரியைப் படம் எடுத்து அனுப்பியதும், "மேடம், பிரெஞ்சுன்னா நீலம் இல்லையா?" என்றார். நீலம் என்பது நெப்போலியனைப் படத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு. அதற்கு முந்தைய அரசரின் காலாட்படையில் பெரும்பாலோருக்குச் சாம்பல் ஓடிய வெள்ளைக் கோட்டு. லொரேன் என்ற பிரெஞ்சு ரெஜிமென்ட் அப்படித்தான் வந்தது. வந்தவாசியில் அன்று லாலி அந்த லொரேனைத்தான் நெட்டு வரிசையாகக் கட்டி, கூட்டின் ரெஜிமென்ட் மீது ஏவினார்; அவர்கள் வெகு கிட்ட வரும்வரை பொறுத்திருந்து ஆங்கிலேயர்கள் சுட்டார்கள். குளத்தங்கரையில் பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. லாலியைப் பாரிசில் 1766இல் தலையை வெட்டினார்கள். நானும் இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகப் படித்தவள்தான். கைமடிப்புக்கு எந்தப் பச்சை என்று தேடப் போனபோதுதான் இவ்வளவும் தெரிந்தது.

இது என்ன விளையாட்டு என்று உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. ஆறடிக்கு நாலடி மேசை. மேலே மேடு, மரம், வீடு, குளக்கரை எல்லாம் சிறு அளவில். இரண்டு பேர், இரண்டு படை. யார் எத்தனை அங்குலம் நகரலாம், எவ்வளவு தூரம் சுடலாம் என்பதை விதிப்புத்தகம் சொல்லும். இஞ்ச் டேப் வைத்து அளப்பார்கள். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1824இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கே இப்படி ஒரு மேசை ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. இன்று உலகம் முழுக்க அதிகம் விளையாடுவது நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் கம்பெனியின் வார்ஹேமர். 1983இல் வந்தது. பூதம், டிராகன் எல்லாம் உண்டு. 1987இல் அதையே எதிர்கால யுத்தமாக்கி வார்ஹேமர் 40,000 என்று விட்டார்கள். வீரர்கள் வண்ணமில்லாத பிளாஸ்டிக் துண்டுகளாகச் சட்டத்தில் ஒட்டியபடி வருவார்கள். வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டுவது வாங்கியவர் பாடு. பணம் இருக்கிறது, பொறுமையோ நேரமோ இல்லை என்கிறவர்கள் என்னைப் போன்றவர்களிடம் கொடுக்கிறார்கள். எனக்கு வருவதில் பெரும்பங்கு அந்த எதிர்காலப் போர்வீரர்கள்தான். வந்தவாசி மாதிரி வேலை எப்போதாவது வரும். வந்தால் விடமாட்டேன்.

நான் பிறந்தது கடலூர் வண்டிப்பாளையத்தில், கொலு பொம்மை செய்யும் வீட்டில். அச்சில் களிமண்ணை அடைத்து எடுப்பது, காயவைப்பது, வெள்ளை பூசுவது எல்லாம் வீட்டுப் பெண்களின் கையில் நடக்கும். முகம் மட்டும் அப்பா. அவர் தசாவதாரம் பத்தையும் வரிசையாக நிறுத்தி, உடை, நகை, கிரீடம் எல்லாம் முடித்த பிறகு, கடைசி கடைசியாக ஒரே மூச்சில் கண்களை வரைந்துகொண்டே போவார். அந்த நேரம் யாரும் பேசக்கூடாது. கல்யாணமாகி முத்தியால்பேட்டை வந்த பிறகு, ஆரோவில்லில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஒரு பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்களைக் கொண்டுவந்து, இதற்கு வண்ணம் போட ஆள் கிடைக்குமா என்று எங்கள் தெருவில் கேட்டதில் என் கைக்கு இந்த வேலை வந்தது.

அப்பா கடைசியில் செய்ததை நான் முதலில் செய்கிறேன். 28 மி.மீ. பொம்மை என்றால், உள்ளங்காலிலிருந்து கண் மட்டம் வரை 28 மி.மீ. என்று கணக்கு, தலையோ தொப்பியோ அதற்கு மேல். அந்த முகத்தில் கண் என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. முதலில் குழிக்குள் அழுக்கு வெள்ளையில் ஒரு கோடு, நடுவில் கருப்பாக ஒரு புள்ளி. வழிந்துபோனால் கவலையில்லை, இன்னும் மேனி நிறம் பூசவில்லையே. பிறகு இமைக்கும் கன்னத்துக்கும் நிறம் கொடுத்துக்கொண்டே வந்து கண்ணை வேண்டிய அளவுக்கு ஒடுக்கிவிடலாம். சுத்த வெள்ளையும் முழு வட்டக் கருவிழியும் வைத்தால் பேய்முழி விழிக்கும். அப்பாவிடம் இதைக் காட்டியபோது, "ஏம்மா, கண்ண வெச்சுட்டு அப்புறம் மூஞ்சியா?" என்று சிரித்தார். ஒரு மாதிரியை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையில், மேசையில் ஆடப்போகிற சிப்பாய்க்குக் கண்ணே தேவையில்லை. இந்தத் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பொம்மையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள்? விளையாடுகிறவர் மூன்றடி தள்ளி நின்று, நாற்பது சிப்பாயை ஒரு சேரப் பார்க்கிறார். அவருக்குத் தெரிவது கோட்டின் நிறமும் கொடியும் வரிசையின் ஒழுங்கும்தான். கண்ணாடி அலமாரிக்காகச் செய்வதை வாங்கியவர் கையில் எடுத்து மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பார். இரண்டும் வேறு வேறு வேலை. வேறு வேறு கூலி. உங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. காட்சிக்கான உருவத்தின் படத்தைப் போட்டு, மேசைச் சிப்பாய்க்கு ஆகும் நேரத்தைச் சொல்லியிருந்தது.

மேசைத் தர வேலையில் ஒன்றை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கட்டுப்படியாகாது. பத்துப் பத்தாக எடுக்க வேண்டும். அச்சிலிருந்து வந்த பிசுக்குப் போக சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சு சேர்ந்த இடத்தில் ஓடும் மெல்லிய கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி, பழைய மருந்து புட்டிகளின் தலையில் ஒவ்வொன்றையும் ஒட்டி நிறுத்துவேன். பொம்மையில் விரல் படக்கூடாது, புட்டியைத்தான் பிடிக்க வேண்டும். பிரைமர் என்ற அடிப்பூச்சு போட்ட பிறகு பத்துப் பேருக்கும் கோட்டு, பத்துப் பேருக்கும் கால்சட்டை, பத்துப் பேருக்கும் துப்பாக்கிக் கட்டை. பிறகு வாஷ் என்று சொல்லும் நீர்த்த பழுப்பு மையை மேலே ஓடவிட்டால் மடிப்புகளுக்குள் போய்த் தங்கி நிழலாகிவிடும். கடைசியில் மடிப்பின் விளிம்புகளில் மட்டும் வெளிர் நிறத்தால் ஒரு தீற்று. டியூப் லைட்டின் கீழே கட்டைவிரல் உயரப் பொம்மை தன் நிழலைத் தானே காட்டாது. அதனால் இருட்டையும் வெளிச்சத்தையும் இயற்கையில் இருப்பதைவிட மிகைப்படுத்தி வரைந்து கொடுக்க வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூத்து வேஷமாகத்தான் தெரியும். மூன்றடி தள்ளி நின்றால் உயிர் வந்துவிடும்.

காட்சி உருவம் பெரும்பாலும் 75 மி.மீ., இல்லையென்றால் மார்பளவுச் சிலை. அங்கே முதல் வேலை, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று முடிவு செய்து அதிலிருந்து மாறாமல் இருப்பது. நீர்த்த நிறத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியதாக, காய்ந்த பின் மறுபடி, காய்ந்த பின் மறுபடி என்று ஏற்றுவார்கள். இதில் பெரிய சவால் உலோகத்தை உலோகப் பெயின்ட் தொடாமல் காட்டுவது. பித்தளைப் பொத்தானுக்குக் கரும்பழுப்பு, காவி, மஞ்சள், நுனியில் ஒரு பொட்டு வெள்ளை, இவ்வளவுதான் நிறம். இடம் ஒரு முடியளவு தப்பினால் பொத்தான் மரமாகிவிடும். கேம்ஸ் ஒர்க்‌ஷாப்காரர்கள் 1987 முதல் நடத்தும் கோல்டன் டீமன் போட்டியில் பரிசு வாங்கிய உருவங்களின் படத்தைப் பார்த்துத்தான் நான் இதைப் பழகினேன். யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாத ஒன்று நம் மேனி நிறம். வந்தவாசியில் இரண்டு பக்கமும் சண்டை போட்டவர்களில் நம் ஊர்ச் சிப்பாய்களும் உண்டு. பெயின்ட் செட்டில் மேனி என்று வருகிற புட்டி ரோஜா நிறமாக இருக்கிறது. நம்மவர்களுக்கு என்ன செய்வது என்று தேடினால், கரும்பழுப்பை அடித்து மேலே வெள்ளை கலந்து வெளிச்சம் காட்டு என்கிறார்கள். அப்படிச் செய்தால் சிப்பாய் திருநீற்றைக் குழைத்துப் பூசியவனாகிறான். நம் தோலில் வெயில் பட்டால் வெளுப்பதில்லை, மின்னுகிறது. நான் செம்பழுப்பில் தொடங்குவேன். நிழலுக்குக் கருப்பைத் தொடமாட்டேன். கத்தரிப்பூ நிறத்தில் துளி கரும்பச்சை கலந்து கழுத்துக்குக் கீழும் கண்குழியிலும் விடுவேன். வெளிச்சத்துக்குக் காவியும் கொஞ்சம் ஆரஞ்சும். வெள்ளை ஒரு சிட்டிகைதான், அதுவும் வியர்வை மினுங்கும் இடங்களில், நெற்றி மேட்டிலும் மூக்கு நுனியிலும் தோள்பட்டையிலும் ஊசிமுனையளவு. பத்துச் சிப்பாய்க்கு ஒரே பழுப்பை அடிப்பதும் எனக்குப் பிடிக்காது. நம் தெருவில் பத்துப் பேரை நிறுத்தினால் பத்து நிறம் இருக்குமே. இதற்கு நேர்மாறாக, அயர்லாந்துக்காரன் முகத்துக்கு ரோஜாவோடு நிறுத்தினால் பொய். நம் ஊர் வெயிலில் மூக்கும் பிடரியும் சிவந்து தோலுரிந்துதான் இருந்திருப்பான்.

தரையும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து வரும் புல்தூள் அழகான பச்சை. ஜனவரி மாதத்து வந்தவாசிக்கு அது எதற்கு? சலித்த செம்மண், டீத்தூள் சக்கை, காய்ந்த கோரைக்குத் தேங்காய் நார். கடல் மணல் பக்கத்திலேயே கிடக்கிறது என்று அள்ளிவராதீர்கள். எத்தனை தண்ணீர் அலசினாலும் எனக்கு அதன் உப்பில் நம்பிக்கை இல்லை.

கடலோரத்தில் இந்த வேலைக்கு முதல் எதிரி காற்றின் ஈரம். ஸ்ப்ரே பிரைமரும், கடைசியில் அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷும் ஈரக் காற்றில் வெளுத்துப் பூத்துவிடும். கருப்புக் கோட்டு சாம்பலாகி நிற்கும். சரி, வெயில் ஏறட்டும் என்று உச்சி நேரத்தில் அடித்தால் துளிகள் பொம்மையைத் தொடுவதற்கு முன்பே காய்ந்து மணல் மணலாக ஒட்டும். காலையில் ஈரம் குறைந்த பிறகு, கடற்காற்று திரும்புவதற்கு முன்பு, நடுவில் ஒரு நேரம் கிடைக்கும். ஸ்ப்ரே வேலை எல்லாம் அப்போதுதான். ஐப்பசி கார்த்திகையில் அந்த நேரமும் கிடையாது. அந்த மாதங்களில் பிரைமரைத் தூரிகையால்தான் பூசுகிறேன், அல்லது காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ். வாடிக்கையாளர் யாராவது தீபாவளிக்குள் வேண்டும் என்றால் ஆடியிலேயே கொடுக்கச் சொல்கிறேன்.

பெயின்ட் பால் பதத்துக்கு நீர்த்திருக்க வேண்டும். மின்விசிறி ஓடினால் தூரிகை நுனியிலேயே உலர்ந்துவிடும். அதனால் ஒரு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சைப் பரப்பி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதில்தான் நிறம் கலக்க வேண்டும். தண்ணீர் கீழிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளில் ஸ்பாஞ்ச் நாறத் தொடங்கும், மாற்றிவிட வேண்டும். மின்விசிறி இல்லாமல் மே மாதத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓய்வு நேரம் என்று எழுதியவரை ஒரு மத்தியானம் கூப்பிட்டு உட்காரவைக்க ஆசை.

தூரிகையைப் பற்றி ஒன்று. நுண்ணிய வேலைக்கு மிகச் சிறிய மூன்று சைபர் (000) தூரிகை வேண்டும் என்று எல்லோரும் வாங்குகிறார்கள். வேண்டாம். அதில் நிறம் நிற்காது, பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் காய்ந்துவிடும். நுனி கூராக இருக்கும் 1ஆம் எண் போதும். வெளிநாட்டுக்காரர்கள் புகழும் கோலின்ஸ்கி முடி சைபீரிய மரநாயின் வால்முடி. அந்த விலங்கு இமயமலையிலும் உண்டு, அதன் வணிகத்தைக் கண்காணிக்க இந்தியாவே CITES என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கீரிமுடித் தூரிகை அதைவிட மோசம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பதும் வாங்குவதும் குற்றம். "பழைய ஸ்டாக்" என்று சொல்லி யாராவது கொடுத்தாலும் தொடாதீர்கள். இப்போது வரும் செயற்கை முடி நன்றாகவே இருக்கிறது; நுனி சீக்கிரம் வளைந்துவிடும் என்பதுதான் குறை. வளைந்ததை வெட்டி மண்ணுக்கும் புல்லுக்கும் பயன்படுத்துகிறேன்.

இனி விலை. மேசைத் தரத்தில் 28 மி.மீ. காலாள் ஒருவருக்கு 400 ரூபாயிலிருந்து வாங்குகிறேன். குதிரை வீரனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. குதிரைக்கும் முகம் உண்டு. 75 மி.மீ. காட்சி உருவம் 12,000 ரூபாய்க்குக் குறையாது. கேட்பவர்களுக்கு இரண்டாவது தொகைதான் கண்ணில் படுகிறது. மணிக்கணக்குப் போட்டால் அதில்தான் எனக்குக் கூலி குறைவு. சோறு போடுவது பத்துப் பத்தாகப் போகிற மேசைச் சிப்பாய்கள். காட்சி உருவம் என் ஆசைக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் நாளே பெரிய உருவத்தில் கைவைக்கிற பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

"பொம்மையே 300 ரூபாய்தான், பெயின்ட்டுக்கு 400ஆ?" என்று கேட்பவர்கள் உண்டு. புட்டி 17 மில்லிதான், ஒரு புட்டியில் ஒரு பட்டாளத்தையே உடுத்தலாம். அதனால் பெயின்ட்டுக்கு ஆகும் காசு சொற்பம் என்பது வாஸ்தவம். அவர்கள் கொடுப்பது என் கழுத்து வலிக்கு. பேரம் பேசுகிறவர்களிடம் நான் வைக்கும் ஒரே சமரசம், தரத்தைக் குறைத்துச் செய்வது: கோட்டில் வெளிச்சத் தீற்று வேண்டாமா, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். அதே வேலையை விலை குறைத்துச் செய்யமாட்டேன். பாதி முன்பணம் வாங்காமல் பெட்டியைத் திறப்பதில்லை. ஒன்றை மட்டும் முழுதாக முடித்து, படம் அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கிய பிறகே மிச்சத்தைத் தொடுவேன். நெல்லித்தோப்புக்காரரின் நீலச் சந்தேகம் ஒரு பொம்மையோடு தீர்ந்தது இதனால்தான். திருப்பி அனுப்ப, ஒவ்வொரு அடித்தட்டிலும் சின்னக் காந்தத்தை ஒட்டி பிஸ்கட் டின்னுக்குள் நிற்கவைத்து விடுகிறேன். டின்னைக் கவிழ்த்தாலும் ஆள் விழமாட்டார்.

"வெளிநாட்டு ஆர்டர் எடுத்தால் டாலரில் சம்பாதிக்கலாம்" என்ற வரியை எழுதியவர் ஒரு பார்சலையாவது அனுப்பிப் பார்த்தாரா தெரியவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் பொம்மைகளை இங்கே அனுப்ப வேண்டும். பொம்மை என்று வகைப்படுத்தினால் இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரி கிடையாது என்ற பழைய வழியும் 2019 டிசம்பரிலேயே மூடியாயிற்று. போகிற பக்கமும் சுலபமில்லை. சிறு பார்சல்களுக்கு இருந்த வரிச்சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் எடுத்தபோது நம் அஞ்சல் பார்சலே அங்கே போகாமல் நின்று, அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. இந்தியாவுக்குள் இருப்பவர்களின் வேலையை மட்டும் எடுத்தாலே எனக்குக் கை கொள்ளவில்லை. அதனால் நான் டாலர் பக்கம் போகவில்லை.

வரிக்குப் பயந்து இப்போது பலர் முப்பரிமாணப் பிரின்டரில் ரெசின் பொம்மை அடித்துக் கொண்டுவருகிறார்கள். சிற்பம் செய்தவரிடம் அதன் கணினிக் கோப்பினை விலைக்கு வாங்கி அடித்தது என்றால் சந்தோஷமாகச் செய்கிறேன். கம்பெனிப் பொம்மையை அச்செடுத்து ஊற்றிய கள்ளப் பிரதி என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கள் தெருவில் ஒருவர் புதிதாக ஒரு பொம்மை வடித்தால் அடுத்த கொலுவுக்குள் வெளியூர்க்காரன் அதை அச்செடுத்துப் பாதி விலைக்கு விற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்னொன்று: சரியாகக் காயாத ரெசின் தோலைப் புண்ணாக்கும். பிசுபிசுப்பாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுரண்டும்போது தூள் மூக்கில் போகாமல் தண்ணீருக்குள் வைத்துச் சுரண்டுங்கள்.

ஒரு விண்ணப்பம், இது உங்களுக்கல்ல, படிக்கிற பெரியவர்களுக்கு. புனித டேவிட் கோட்டை இருந்த தேவனாம்பட்டினமும், 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலி அதே அயர் கூட்டின் படையோடு மோதிய பரங்கிப்பேட்டையும், 1783இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் முட்டிக்கொண்ட கடலூரும் ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும். அவற்றில் ஒரு போரையாவது மேசை அளவில் செய்து ஒரு பள்ளியிலோ நூலகத்திலோ கண்ணாடிக்குள் வைக்க யாராவது முன்வந்தால், வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் அதற்கான கைகள் இருக்கின்றன. கொலு முடிந்த மாதங்களில் அவர்களுக்கு வேலையும் குறைவு. வண்ணத்துக்கு நான் பொறுப்பு. கூலி கொடுக்க வேண்டும். "பேர் கிடைக்கும்" என்று சொல்லி இலவசமாகக் கேட்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

வேலை கேட்டுப் பேசிய பிள்ளைகளுக்கு: எனக்கு உதவிக்கு ஆள் தேவைதான், இரண்டு பேரை எடுத்துக்கொள்ள முடியும். முதல் மாதம் தூரிகை கைக்கு வராது. அச்சுக்கோடு சுரண்டுவது, கழுவுவது, புட்டியில் ஒட்டுவது, அடித்தட்டுக்கு மண் ஒட்டுவது, இவ்வளவுதான். அதற்கும் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. சனிக்கிழமை காலையில் வந்தால் ஸ்ப்ரே அடிப்பதைப் பார்க்கலாம். நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள். மின்விசிறி போட முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தங்கள் வாசகி,
முத்தியால்பேட்டை,
புதுச்சேரி – 3